தொட்டி தெளிந்திருந்த இரண்டு வருடம்

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அமலதாஸ் அண்ணையின் அழைப்பு வந்தபோது, என் முன்னால் ஒரு கிணற்றுத் தண்ணீர் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. மருந்து விட்ட தண்ணீரில் நிறம் முழுதாக ஏறப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தொலைபேசியை எடுக்கக்கூடாது என்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஜெசிந்தா போட்ட சட்டம். ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து வந்த அழைப்பை ஜெசிந்தாவின் சட்டத்துக்குப் பயந்து நான் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் அடித்து ஓய்ந்தது. நிறம் காட்டிய அளவின் இலக்கத்தை எழுதி முடித்துவிட்டு நானே திருப்பி எடுத்தேன்.

"யோகன்," என்றார் அவருடைய கணவர். அவருக்குப் பின்னால் மீன்தொட்டியின் மோட்டர் இரைவது கேட்டது. "அவா தொட்டிக்கு முன்னாலை கதிரையிலை இருந்தபடியே போயிட்டா. நான் தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கேக்கை கை குளிர்ந்து போய்க் கிடந்தது."

கால் வீக்கம் என்று ஜெசிந்தா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். முதல் நாள் பின்னேரம்தான் என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போனவர், நான் போத்தல்களைச் சரியாகக் கழுவவில்லை என்று. அந்தச் சண்டைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஓராண்டு நினைவுப் பூசைக்கு அச்சிடும் இந்த மலரில் அவருடைய கோயில் பாட்டைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கறாரைப் பற்றி எழுத அதைவிடக் கூடுதலான ஆட்கள் இருப்பார்கள். நான் அந்தத் தொட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுதலாமா என்று அமலதாஸ் அண்ணையிடம் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ," என்றார்.

நாங்கள் இருவரும் முல்லைத்தீவில் அந்தக் கூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருடம் ஒரே மேசை. ஊர்களிலிருந்து சனம் சோடாப் போத்தலிலும் ஜாம் போத்தலிலும் கொண்டுவருகிற தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அவர் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். நானோ மலையிலிருந்து இறங்கி உடையார்கட்டில் குடியேறிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. "கடலைக் கண்டா ஆடு மாதிரி நிக்கிற மனிசன்," என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார்.

சேர்ந்த முதல் வருடம் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் பெருமையாகக் கொண்டுபோனேன். அப்படித் தெளிவான தண்ணீர். அவர் சோதித்துவிட்டு, குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று சிவப்பு மையால் எழுதினார். எங்கள் வெங்காயத் தோட்டத்து உரமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. எனக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போது சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "கண்ணுக்குத் தெளிவா இருக்கிற தண்ணிதான் பொய் சொல்லும் யோகன். கலங்கின தண்ணியை ஒருத்தரும் நம்பிறேல்லை. அதாலை அது ஒருத்தரையும் ஏமாத்திறேல்லை."

தொட்டி அவருடையதல்ல, மகன் றொஷானுடையது. நாலடிக் கண்ணாடித் தொட்டி. அவனே பசை பூசி ஒட்டியது. வலையில் சிக்கி வருகிற உயிருள்ள கல்லுகளை எறியாமல் கொண்டுவந்து அடுக்கி, தங்கள் கரையின் மணலைப் பரப்பி, கடல் தண்ணீர் விட்டு, விரல் நீள மீன்கள் ஏழை வளர்த்தான். கல்லுகளில் சின்னச் சின்னப் பவளங்கள் பூவாய் விரிந்து அசையும். ஒரு மார்கழியில் அவன் தனியே தொழிலுக்குப் போனான். வள்ளம் கரை ஒதுங்கியது. அவன் வரவில்லை. உடல் கிடைக்காதபடியால் அடக்கமும் இல்லை, சிலுவையும் இல்லை.

அதன் பிறகு ஜெசிந்தா கடற்கரைக்குப் போகவேயில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அவரோ கோயிலுக்குக்கூட றோட்டால் சுற்றித்தான் போவார். தொட்டியை மட்டும் விடவில்லை. தண்ணீர் தெரிந்த மனிசி, மகனைவிட நன்றாகப் பார்த்தார். அமலதாஸ் அண்ணை நேர் எதிர். கடலுக்குப் போவார், தொட்டிப் பக்கம் திரும்பமாட்டார். முன் அறையில் இருக்கும்போது தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் கதிரையைப் போடுவார். மகனின் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெசிந்தா இறப்பதற்கு இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு நாள் அவர் வேலைக்கு வரும்போது ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே இறைச்சியில் உரித்த சவ்வுபோல ஒரு துண்டு. கருஞ்சிவப்பு. நுணுக்குக்காட்டியில் வைத்தோம். மெல்லிய இழைகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகள் மெல்ல நகர்ந்தன.

"சயனோபற்றீரியா," என்றேன். "பள்ளிக்கூடத்திலை நீலப்பச்சை அல்கா எண்டு படிச்சது."

"நீலமும் இல்லை, பச்சையும் இல்லை," என்றார். "வந்து பாருங்கோ."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். காலையில் மணல் வெள்ளையாகத்தான் இருந்ததாம். பத்து மணிக்கு மேல் ஒரு சாயம் இறங்கத் தொடங்குமாம். நான் பார்க்கும்போது மணலின் நடுவே நீட்டுக்கு ஒரு சிவப்பு விரிப்பு கிடந்தது. கிட்டத்தட்ட ஒரு ஆள் குப்புறப் படுத்திருக்கிற சாயல். அதற்கடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மேலே வந்தன. ஒழுங்கான இடைவெளி விட்டு, நிதானமாக. வெளிச்சம் பட்டால் அந்தக் கிருமி ஒட்சிசன் விடும், அதுதான் குமிழி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் என் மூச்சு அந்தக் குமிழிகளின் கதிக்கு இறங்கியிருந்ததைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டர் நின்றது. அறை சட்டென்று அமைதியாகி, அதற்குள் கடலின் இரைச்சல் கேட்டது. அடியில் சேர்ந்திருந்த காற்று விரிப்பின் ஒரு முனையைத் தூக்கியது. அது மணலைவிட்டு எழுந்து, வளைந்து, தண்ணீருக்குள் நின்று ஆடியது. படுத்திருக்கிற ஒருவர் போர்வையை விலக்குவதுபோல.

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "உங்களுக்கு என்னமாதிரித் தெரியுதோ எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. வாயாலை சொல்லாதேங்கோ."

பொழுது படும்போது அந்தச் சிவப்பு மெலியும். விடிய மணல் வெள்ளை. மத்தியானம் திரும்பவும் அதே இடம், அதே நீளம். அக்கம்பக்கத்துச் சனம் தொட்டி இரத்தம் கக்குகிறது என்று கதைக்கத் தொடங்கிவிட்டது. கோயில் சகோதரிகள் வந்து செபித்துவிட்டுப் போனார்கள். ஜெசிந்தா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, சிவப்பை வாளிக்குள் இறக்கினார். உறிஞ்சும்போது ஒரு மிடறு வாய்க்குள் வந்துவிடும். உப்பும் பழைய சாக்கு மணமும். அந்த வேலையை என்னிடம் ஒரு நாளும் விடவில்லை.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. அலை போதாது என்று இன்னொரு மோட்டர் வைத்தோம். வெளிச்சத்தைக் குறைத்தோம். மீன்களின் உருண்டைத் தீனியை எண்ணிப் போட்டார். அமலதாஸ் அண்ணை விடியற்புறத்தில் கடலிலிருந்து பிளாஸ்ரிக் கான் கானாகத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைப்பார், தொட்டிவரை வரமாட்டார். கடைசியில் மூன்று நாள் இருட்டு வைத்தியம் செய்தோம். வெளிச்சம் இல்லாவிட்டால் அது சாகும். அலுமாரியிலிருந்து ஒரு ஊதாச் சேலையை எடுத்து ஜெசிந்தா தொட்டியை முழுதாக மூடினார். தவக்காலத்தில் கோயிலில் புனிதர்களின் சுருவங்களை மூடுகிற அதே நிறம். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் ஒருத்தரும் உரத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சேலையை எடுத்தோம். மணல் புதுசாக இருந்தது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டார். நாலாம் நாள் மத்தியானம் சிவப்பு வந்து அதே இடத்தில் படுத்தது.

அதற்குப் பிறகுதான் போத்தல்கள் வரத் தொடங்கின. காலை, மத்தியானம், பின்னேரம் ஐந்தரை, இரவு ஏழு என்று தாள் ஒட்டி, தொட்டித் தண்ணீரை நாலு போத்தலில் கொண்டுவருவார். ஊர்த் தண்ணீர் முடிந்தபிறகு இருவரும் இருந்து சோதிப்போம். நாங்கள் தேடியது பொசுபேற்று. சாப்பாடு அழுகினால் தண்ணீரில் ஏறுகிற உப்பு, அந்தச் சிவப்புக்குத் தீனி. ஒவ்வொரு நாளும் ஐந்தரைப் போத்தலைவிட ஏழு மணிப் போத்தலில் நீலம் கூடியிருந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலமும் ஜெசிந்தா கோயிலில் செபமாலைக்கு நிற்பார். அமலதாஸ் அண்ணை கரையில் மீன் வாடியில் மற்றத் தொழிலாளிகளோடு இருப்பார்.

ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "நான் ஒண்டு சொல்லோணும். சிரிக்கக்கூடாது," என்றார்.

"சிரிக்கமாட்டன்."

"நான் ஒவ்வொரு நாளும் காலமை அவனுக்கு ஒரு நுள்ளு புட்டு போடுறனான். மீன் குழம்பிலை பிரட்டி. அவன் போனதிலையிருந்து." இரண்டு விரலால் கிள்ளிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதெண்டு நினையாதேங்கோ. அந்தத் தொட்டி எவ்வளவு தண்ணி, அந்த ஒரு நுள்ளு எவ்வளவு, எல்லாம் அளந்துதான் போடுறன். ஒரு நுள்ளைத் தொட்டி தாங்கும். இத்தினை வருசம் தாங்கினது. இப்ப வாற இலக்கம் ரெண்டு நுள்ளுக்கு வாற இலக்கம்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"செபமாலைக்குப் போகாமல் நிண்ட அண்டைக்கு ஒண்டு பாத்தனான். ஆறு மணிக்கு மீன் ஏழும் வலது மூலைக்கு வந்து வரிசையா நிண்டுது. மேலை பாத்துக்கொண்டு. அங்கை ஒருத்தரும் இல்லை. நான் இஞ்சாலைக் கதிரையிலை இருக்கிறன். அதுகள் என்னைப் பாக்கேல்லை." குரல் இறங்கிவிட்டது. "நாங்கள் போகேக்கை வீடு பூட்டியிருக்கும். பூட்டின வீட்டுக்குள்ளை ஆர் யோகன்?"

அத்தனை வருடமும் இலக்கத்தைத் தவிர வேறொன்றையும் நம்பாத மனிசி கேட்ட கேள்வி அது. பதிலுக்கு எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. "அது அவன் எண்டா எனக்குச் சந்தோசம்," என்றார். "அவன் இல்லையெண்டாலும் எனக்குத் தெரியோணும். தெரியாமல் இருக்கேலாது."

அடுத்த நாள் மோட்டரைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி, அவர் கோயிலுக்குப் போகும் நேரத்தில் வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு முன் அறையில் இருந்தேன். அலுமாரிக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத கதிரையில். வெளியே வெயில் இன்னும் இருந்தது. சிவப்பு மெலிந்து மணலில் ஒரு நிழல் மாதிரிக் கிடந்தது. ஆறு மணிக்கு ஒரு மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிறகு இரண்டு. பிறகு எல்லாம். வலது மூலையில் ஏழும் தலையைத் தூக்கி நின்றன. அறையில் என்னைத் தவிர ஒருவருமில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

குசினிப் பக்கம் கதவுச் சத்தம். ஈரக் காலடிகள். அமலதாஸ் அண்ணை உள்ளே வந்தார். கையில் ஒரு துண்டு பேக்கரிப் பாண். என்னைக் காணவில்லை. தொட்டியின் வலது மூலையில் நின்று, பாணில் ஒரு நுள்ளு பிய்த்து, விரலால் நசித்துத் தண்ணீருக்குள் விட்டார். "சாப்பிடு அப்பன்," என்றார்.

பிறகு என்னைக் கண்டார். ஓடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தார். அன்றுதான் அவர் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

கடலுக்குப் போன காலத்தில், வள்ளத்தில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்ததும் முதல் பிடியைத் தண்ணீருக்குப் போடுவாராம். கடல் எடுத்த ஆள் உள்ள வீட்டில் அப்படித்தானாம், தகப்பனும் அப்படித்தான் செய்தவராம். முழங்கால் பழுதாகித் தொழிலை விட்ட பிறகு போட இடமில்லை. "கரையிலை நிண்டு போட்டா அலை திருப்பிக் கொண்டுவந்து காலடியிலை போடுது. எனக்கு அது மனசுக்குச் சரிவரேல்லை. இதுவும் கடல் தண்ணிதானே."

அவர் தொழிலை விட்ட மாதம்தான் சிவப்பு வந்த மாதம். வெளிச்சம் மாறியதா, மோட்டர் மாறியதா என்று எல்லாவற்றையும் தேடிய இரண்டு கெட்டிக்காரர்கள், வீட்டில் ஒரு மனிதன் மாறியதைக் கவனிக்கவில்லை.

"அண்ணை, சாப்பாடு கூடினதாலைதான் இந்தச் சிவப்பு வாறது," என்றேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார். "அப்பிடியோ," என்றார். "அவாக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவா படிச்சவா. சிரிப்பா."

நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி விடுவது? அடுத்த நாள் காலை, கூடத்தில், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். ஜெசிந்தா எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். கைகளைத் துடைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "அவர் அவனோடை கதைக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டார். என்ன கதைத்தார் என்று சொன்னேன். அதைத் திரும்பவும் ஒருக்கால் சொல்லச் சொன்னார். பூட்டிய வீட்டுக்குள் வந்தது மகன் இல்லை என்பதற்காக அவர் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை.

"ஒரு நுள்ளைத்தான் தொட்டி தாங்கும்," என்றார் கடைசியில். "அது தேப்பன்ரை நுள்ளா இருக்கட்டும். நான் நிப்பாட்டுறன். அவருக்கு இது தெரியக்கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

தலையில் அடிக்க எனக்குத் துணிவில்லை. மேசையில் அடித்தேன்.

மூன்று கிழமையில் சிவப்பு போனது. மத்தியானத்திலும் மணல் வெள்ளையாகக் கிடந்தது. ஜெசிந்தா ஒரு போத்தல் கொண்டுவந்து தந்துவிட்டு, ஊர்த் தண்ணீர் கொண்டுவந்த சனத்தோடு கதைக்கப் போய்விட்டார். நான் சோதித்தேன். பத்து நிமிடம் கழிந்தது. நீலம் ஏறவில்லை. பதினைந்து நிமிடம். போத்தலில் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. இரண்டு நுள்ளில் ஒன்று குறைந்தால் நீலத்தில் பாதி நிற்கவேண்டும். இது பாதியில்லை, ஒன்றுமேயில்லை.

"என்னமாதிரி?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"நல்லாயிருக்கு மிஸ்," என்றேன்.

எங்கள் பன்னிரண்டு வருடத்தில் அவர் இலக்கத்தைக் கேட்காமல் போனது அந்த ஒரு தரம்தான். கேட்டிருந்தால் அந்த நிமிடமே அவருக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. தொட்டி சுகமாகிவிட்ட சந்தோசத்தில் இருந்தேன். தெளிந்த தொட்டியைப் படம் எடுத்து எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா?

இரண்டு வருடம் தொட்டி தெளிந்திருந்தது. பவளங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறின. ஆறு மணிக்கு மீன்கள் வலது மூலைக்கு வருவதும் நின்றுவிட்டதாக ஒரு நாள் சொன்னார். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஒரு தரம், போத்தல் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"தேப்பன் ஒழுங்காப் போடுறாரோ?"

"போடாமல் விடுவாரோ," என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஜெசிந்தா இறந்து பதினோராம் நாள் அமலதாஸ் அண்ணை வரச் சொன்னார். மத்தியானம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புட்டும் மீன் குழம்பும் மேசையில் மூடிக் கிடந்தது. அவர் ஜெசிந்தாவின் கதிரையில், தொட்டியைப் பார்த்தபடி இருந்தார். தொட்டி அப்படித் தெளிவாக இருந்தது.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும் யோகன்," என்றார். "அவா போனபிறகு அவனுக்கு ஒருத்தரும் போடேல்லை. பதினொரு நாள். நான் திரும்பத் தொடங்கட்டோ? ஒரு நுள்ளைத் தாங்குந்தானே?"

"திரும்பவோ?" என்றேன். "நீங்கள் நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம். நீங்கள் சொன்ன அண்டைக்கே. அவாவின்ரை தொட்டி பழுதாகக்கூடாதெண்டு. அவா காலமையிலை ஒளிச்சுப் போடுறது எனக்குத் தெரியுந்தானே. தாயின்ரை நுள்ளு காணும் எண்டு விட்டிட்டன்."

மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஏறாமல் நின்ற அந்த நீலம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடம் என் கையில் இருந்த பதில் அது.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். சத்தியம் இருந்தது. ஆனால் கிடைத்த இலக்கத்தை மறைப்பவனை ஜெசிந்தா மன்னித்ததில்லை. மேசையில் அடித்த சத்தியத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். ஜெசிந்தா தன் நுள்ளை நிப்பாட்டியதை, ஏன் நிப்பாட்டினார் என்பதை, நான் பார்த்தும் விளங்காமல் விட்டதை.

அமலதாஸ் அண்ணை தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "அப்ப இந்த ரெண்டு வருசமும்..." என்று தொடங்கினார். எழுந்தார். மேசையில் இருந்த கோப்பையைத் திறந்தார். புட்டுக்கு மேல் குழம்பை விட்டுப் பிசைந்தார். தொட்டிக்கு வந்து, வலது மூலையில் நின்று, ஒரு கோப்பைப் புட்டையும் உள்ளே போட்டார்.

அது தொட்டியைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். தடுக்க என் கை எழும்பியது. பிறகு நானே அதை இறக்கிக்கொண்டேன். தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. கலங்கலுக்குள்ளிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக வந்து, அந்த மூலையில் தலையைத் தூக்கி நின்றன. அமலதாஸ் அண்ணை விரல்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் கழுவினார். "கோவிக்காதை அப்பன்," என்றார்.

மூன்று நாள் நான் அங்கேதான் நின்றேன். இந்த இரண்டு வருடத்தில் முழங்கால் இன்னும் மோசமாகிவிட்டவரைக் கடலில் இறக்க முடியாது. நானே இடுப்பளவு இறங்கி, அலைக்கு அங்கால் தண்ணீர் மொண்டு, கான் கானாகக் கொண்டுவந்து மாற்றினேன். ஜெசிந்தா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஒரு மீன் செத்தது, ஆறு தப்பின. அந்தக் கிழமை முடிவதற்குள், ஒரு மத்தியானம், மணலின் நடுவே சிவப்பு வந்து நீட்டுக்குப் படுத்தது.

இப்போது அவர் ஒரு நாளுக்கு இரண்டு நுள்ளு போடுகிறார். காலையில் புட்டு, அது தாயின் பங்கு. பின்னேரம் பாண், அது தன்னுடையது. தொட்டி ஒன்றைத்தான் தாங்கும் என்பது இருவருக்கும் தெரியும். மிச்சத்தைத் தாங்குவது என் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாமலே முடிவாகிவிட்டது.

ஜெசிந்தாவின் பொருட்களில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் குழாயை மட்டும்தான். வாய் வைக்கிற முனையில் அவருடைய பல்லின் தடம் இருக்கிறது. அவரிடமிருந்து என்னோடு இருப்பவை அந்தத் தடமும், உப்பும் சாக்கு மணமும் கலந்த அந்த ஒரு மிடறும், தெளிந்த தண்ணீர் மீது ஒரு பயமும். கூடத்தில் நிறம் ஏறாமல் நிற்கிற ஒவ்வொரு போத்தலையும் இப்போது நான் இரண்டாம் தரம் சோதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் போகிறேன். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, சிவப்பை வாளிக்குள் இறக்குகிறேன். முழுவதையும் எடுப்பதில்லை. வலது மூலையில் உள்ளங்கையளவு விட்டுவைக்கிறேன். நான் குழாயை எடுக்கும்போது குசினிக்குள்ளிருந்து அமலதாஸ் அண்ணை ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"யோகன், சிவப்பு வந்திருக்கோ?"

"வந்திருக்கு அண்ணை."

"அப்ப சரி," என்பார். "சாப்பிட்டிருக்கிறான்."